இறைக்காத கிணறு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. நாடு முழுக்க 600க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாவட்டக் கணக்கில் ஆக அதிகமான உயிர்களை இழந்தது கண்டிதான். மண்சரிவு, மூடிக்கிடந்த பாதைகள், கம்பளைப் பக்கம் ஊருக்குள் ஏறிய மகாவலி, எல்லாவற்றையும் நீங்களும் பார்த்திருப்பீங்க. மழை விட்ட பிறகு இன்னொரு பிரச்சினை தொடங்கியது. சுற்றிலும் தண்ணி, குடிக்க மட்டும் தண்ணி இல்லை. ஆற்றுநீரை எடுத்துச் சுத்தம் செய்யும் நிலையங்கள் பல நின்றுபோயிருந்தன. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. பௌசர் வருகிற இடத்தில் கேன்களோடு வரிசை.

அந்த நாட்களில் கண்டியைச் சுற்றி நிறைய வீடுகளில் ஒரே வேலை நடந்தது. வளவின் கீழ்க்கோடிக்கு இறங்கி, வருடக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காத கிணற்றைத் தேடினார்கள். சிலதுக்கு மேல் கொங்கிரீட் மூடி. சிலதுக்கு மேல் பழைய தகரம், அதற்கு மேல் கொடி. மூடியைத் தூக்கினால் தென்னோலை, பொலித்தீன், செருப்பு, தவளை, கறுத்த தண்ணி. "இறைச்சு ஊத்தினா சரியாகிடும்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்ற பழமொழி நம்ம எல்லாருக்கும் தெரியும்.

பழமொழியில் பாதி எப்போதும் உண்மை, மீதிப் பாதி இடத்தைப் பொறுத்தது. கிணற்றைத் துப்புரவாக்குவது என்றால் உள்ளே கிடக்கிற குப்பையை வெளியே எடுப்பது என்று நினைக்கிறோம். கடந்த இருபது வருடத்தில் இதே தீவில் ஆயிரக்கணக்கான கிணறுகளை மனிதர்கள் இறைத்திருக்கிறார்கள். சில இடத்தில் கிணறு பிழைத்தது. சில இடத்தில் இறைத்ததாலேயே கெட்டது. அந்தக் கதை தெரிந்துகொண்டு வாளியைக் கையில் எடுப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "தோட்டக் கிணறு" என்று யாழ்ப்பாணத்து நண்பரிடம் சொன்னால் அவருக்கு மிளகாயும் வெங்காயமும் வாழையும் நிற்கிற செம்மண் தரை ஞாபகம் வரும். கண்டித் தமிழருக்குத் தோட்டம் என்றாலே தேயிலைத் தோட்டம், லயம், கணக்கப்பிள்ளை. லயத்து மக்களுக்குக் கிணறு பெரிதாகப் பழக்கமில்லாத பொருள். நம்ம ஆட்களுக்குப் பீலிதான். மலை ஊற்றை வழிமறித்து, ஒரு மூங்கிலையோ குழாயையோ சொருகி, அதன் கீழே குடம் வைப்பது. இறைக்கத் தேவையில்லை, தண்ணி தானாக விழும், ஆனால் வரிசை நிற்கவேணும். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. இந்த மக்களின் முன்னோர்கள் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் வரண்ட காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். அந்த வடக்குப் பாதையில் பசியும் கொள்ளைநோயும் தாகமும் கணக்கில்லாமல் கொன்றன. பின்னால் வழிநெடுகக் கொட்டகைகளும் கிணறுகளும் அமைக்கப்பட்டபோது, கிணறு எங்கே இருக்கிறது என்பதுதான் ஒரு நாள் நடையின் நீளத்தைத் தீர்மானித்தது. கிணற்றிலிருந்து கிணற்றுக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் பீலித் தண்ணியில் வளர்ந்தார்கள்.

கிணறு இருப்பது அதைச் சுற்றிய கிராமங்களிலும் நகர ஓரத்திலும், பலாவும் ஈரப்பலாவும் கித்துளும் கராம்பும் சாதிக்காயும் அடுக்கடுக்காக நிற்கும் கண்டி வீட்டுத் தோட்டங்களில். மிளகுக்கொடி ஏறாத மரம் அங்கே குறைவு. வீடு மேட்டில் இருக்கும், கிணறு சரிவின் அடியில், பெரும்பாலும் வயலுக்குப் பக்கத்தில். காரணம் நிலத்தின் அமைப்பு. கண்டியின் அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. பாறைக்குள் தண்ணி தேங்க இடமில்லை, வெடிப்புகளில் மட்டும் கொஞ்சம் ஓடும். பாறை காலப்போக்கில் உளுத்து மண்ணாகி மேலே ஒரு போர்வை மாதிரிக் கிடக்கிறது. மழை அந்தப் போர்வையில் ஊறி, சரிவில் மெதுவாக இறங்கி, அடிவாரத்தில் தரைக்கு வெகு கிட்ட வரும். அங்கே ஐந்தாறு அடி வெட்டினாலே ஊற்று. மண் விஞ்ஞானி பானபொக்கே 2005ல் பெரேராவுடன் சேர்ந்து இலங்கையின் நிலத்தடி நீரை ஆறு வகையாகப் பிரித்தார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல், கிழக்குக் கரையின் மணல், கடினப் பாறைமேல் கிடக்கும் உளுத்த மண் என்று ஒவ்வொன்றும் ஒரு குணம். அந்தப் பிரிவினையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

இந்த மாதிரிக் கிணற்றுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது ஆள் இறங்கவேணும். மழையோடு மேலே இருந்து மண் வரும், இலை விழும், சுவரின் கல்லிடுக்கில் வேர் நுழையும். தண்ணி ஆகக் குறைந்திருக்கும் காலத்தில், இங்கே பெப்ரவரி, மார்ச்சில், ஊரில் நாலு பேர் சேர்ந்து இறைப்பார்கள். ஒருவர் உள்ளே, இருவர் கயிற்றில், ஒருவர் சேற்றை வாங்கிக் கொட்ட. உள்ளே போனவர் காலால் துழாவி ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடிப்பார். குளிர்ந்த தண்ணி பாதத்தில் குத்துகிற இடம் அது. சேற்றை வாரி அந்தக் கண்ணைத் திறந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி. விழுந்த வாளிகளைப் பாதாளக் கரண்டி போட்டுத் தூக்குவது இன்னொரு கொண்டாட்டம். எந்த வீட்டிலும் கரண்டி ஒன்றுதான் இருக்கும், ஊரே இரவல் வாங்கும்.

பிறகு குழாய் வந்தது. கண்டி நகரத்துக்குப் பிரித்தானியர் காலத்திலேயே துனுமடலாவக் காட்டு நீர்த்தேக்கங்களிலிருந்து தண்ணி வந்துவிட்டது. பின்னால் கெட்டம்பேயில் மகாவலியை இறைத்து மாநகர சபை வழங்கியது. 1975ல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை உருவான பிறகு நகரத்துக்கு வெளியேயும் குழாய் நீண்டது. குழாயைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. சரிவில் குடம் சுமந்து ஏறியது யாருடைய இடுப்பு என்று நமக்குத் தெரியும். "அந்தக் காலத்துக் கிணத்துத் தண்ணி மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுகிற தாத்தாமாரில் எத்தனை பேர் தண்ணி தூக்கியிருப்பார்கள் என்பது எனக்கு எப்போதும் உள்ள சந்தேகம்.

குழாய் வந்ததும் கிணறு உடனே சாகவில்லை. குளிக்க, துணி துவைக்க, மாட்டுக்கு என்று கொஞ்ச காலம் ஓடியது. வருட இறைப்புதான் முதலில் நின்றது. குடிக்காத தண்ணிக்கு யார் ஆள் கூட்டுவது? அதற்குப் பிறகு காணி துண்டானது. ஒரு வீடு நின்ற சரிவில் பத்துப் பேர்ச், பன்னிரண்டு பேர்ச் என்று நாலைந்து வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கழிப்பறைக் குழி. எல்லாம் கிணற்றுக்கு மேலே. அதற்கும் பிறகு டெங்கு. நுளம்பு பெருகும் இடங்களில் கைவிட்ட கிணறும் ஒன்று என்பதால் மூடு, அல்லது மீன் விடு, அல்லது நிரப்பு என்ற நிலை. மூடுவது லேசு. மூடிய கிணறு கண்ணிலிருந்து மறைந்தது, பிறகு ஞாபகத்திலிருந்தும். வீடு வாங்கி வந்தவர்களுக்கு அங்கே கிணறு இருப்பதே தெரியாத வளவுகள் உண்டு. ஓரிரண்டு இடங்களில் அதையே குப்பைக் குழியாக்கியும் விட்டார்கள்.

அதனால் இன்று ஒரு பழைய கிணற்றைத் திறக்கிறவர் உள்ளே பார்ப்பதற்கு முன்னால் மேலே பார்க்கவேணும். இதற்கு உலகத்தில் பெயர்போன உதாரணம் லண்டன் பிராட் வீதிக் கிணறு. 1854ல் அந்தக் கைப்பம்பின் தண்ணிதான் கொலராவைப் பரப்புகிறது என்று ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் காட்டியதும், பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டதும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கு. அதற்கு அடுத்த வருடம் நடந்தது அவ்வளவு பேருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டின் கழிவுக் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் மூன்று அடிகூட இல்லை, குழியின் செங்கல் கட்டு உளுத்து, கழிவு நேராகக் கிணற்றுப் பக்கம் கசிந்திருந்தது. அந்தக் கிணற்றை எத்தனை தடவை இறைத்துக் கழுவியிருந்தாலும் பிரயோசனம் இல்லை. குற்றவாளி பக்கத்து வீட்டுக்குக் கீழே இருந்தான். நம்ம ஊரில் ஐம்பது அடி தள்ளி இருக்கவேணும் என்று சொல்லுவாங்க. சமதரையில் ஐம்பது அடி ஒரு கணக்கு. கண்டிச் சரிவில், குழி மேலேயும் கிணறு கீழேயும் என்றால் அது வேறு கணக்கு.

சரி, இறங்குகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். யார் இறங்குவது?

இதுதான் இந்த வேலையின் மிகப் பழைய கேள்வி. நீண்ட காலம் மூடியிருந்த கிணற்றின் அடியில் இலையும் சேறும் அழுகும்போது காற்று கெடும். கரியமில வாயு காற்றைவிடப் பாரமானது, கிணற்றுக்குள் தண்ணி மாதிரித் தேங்கும். பழையவர்கள் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்க மாட்டார்கள். இலைக்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் அடித்துக் காற்றைக் கலைப்பார்கள். விளக்குச் சோதனை நல்லதுதான், முழுவதும் நம்பக்கூடியது இல்லை. பிராணவாயு குறைந்தால் அணையும். ஆட்கொல்லியான வேறு வாயுக்கள் இருந்தும் அது எரிந்துகொண்டே நிற்கலாம். நம்ம காலத்தின் கொலைகாரன் வேறு: பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் வாட்டர் பம்ப். தண்ணி எட்டவில்லை என்று பம்பைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஸ்டார்ட் பண்ணுவார்கள். புகை வெளியே போக வழியில்லை. உள்ளே நிற்பவர் மயங்குவார், தூக்கப் போன தம்பியும் மயங்குவார், அவரைத் தூக்கப் போன பக்கத்து வீட்டுக்காரரும். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் செத்த செய்திகளை வாசித்தால் திரும்பத் திரும்ப இந்த ஒழுங்கில்தான் நடந்திருக்கும். பம்ப் மேலேதான் இருக்கவேணும். இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு இருக்கவேணும், மேலே அதைப் பிடிக்க இரண்டு பேராவது இருக்கவேணும்.

இந்த ஆபத்தைத் தொழிலாகச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் கதை சாதிக்குள் போகும். பெங்களூரைப் பாருங்கள். 1870ல் உருவான கப்பன் பூங்கா நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய தோட்டம். அதற்குள் பழைய திறந்த கிணறுகள் குப்பையும் மண்ணும் நிறைந்து கிடந்தன. சில வருடங்களுக்கு முன் அவற்றில் ஏழு கிணறுகளைத் தூர் வாரி மீட்டார்கள். இறங்கி வேலை செய்தவர்கள் மண்ணு வட்டர் என்ற, தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மக்கள். தமிழ்நாட்டில் ஒட்டர், போயர் என்று அறியப்படுகிறவர்களின் உறவினர்கள். ஆழ்துளைக் கிணறு வந்தபின் பிழைப்பு இழந்து கிடந்தவர்களைத் தேடிப் பிடித்துத்தான் பயோம் என்ற அமைப்பு பெங்களூரில் பத்து லட்சம் கிணறு என்ற இயக்கத்தை 2015ல் தொடங்கியது. அவர்களிடம் இருந்த கருவி கயிறும் குட்டை மண்வெட்டியும் கூடையும். மற்றது கைக்குள் இருக்கும் அறிவு: எந்த மண் சரியும், எந்தக் கல்லைத் தொடக்கூடாது, தண்ணி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. அந்த அறிவு ஒரு தலைமுறை வேலையில்லாமல் இருந்தால் போய்விடும்.

வெட்டுகிறவரும் குடிக்கிறவரும் ஒருவராக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் மற்றவர்களின் கிணற்றில் வாளி விடமுடியாமல், யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்ற காலம் நம்ம தாத்தா பாட்டிகளின் காலம்தான். கே. டானியல் ஒரு முழு நாவலுக்கே 'தண்ணீர்' என்று பெயர் வைத்தார். 1957ல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது, சாதியைக் காட்டித் தடுப்பது குற்றமாகியது. வளவுக்குள்ளே இருக்கும் கிணறு அதற்குப் பிறகும் வளவுக்காரரின் மனசுக்குக் கட்டுப்பட்டதுதான். டித்வாவுக்குப் பிறகு கண்டிப் பக்கம் திறந்த கிணறுகளில் யார் வீட்டு வாளியும் விழுந்தது என்று கேட்டுச் சந்தோசப்பட்டேன். பேரிடர் முடிந்த பிறகும் அந்தக் கேற் திறந்தே இருக்குமா என்று தெரிய இன்னும் கொஞ்ச காலம் பார்க்கவேணும்.

இனி மட்டக்களப்புக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவில் நடந்ததுதான் நான் அறிந்த மிகப் பெரிய கிணறு துப்புரவு. டிஸ்ஸ இலங்கசேகரவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2006ல் எழுதியதன்படி 40,000க்கு மேற்பட்ட கிணறுகள் அழிந்தன அல்லது கெட்டன. கிழக்குக் கரையில் ஒரு வீட்டுக்கு ஒரு கிணறு என்பது சாதாரணம், ஆழமும் அதிகமில்லை. கடல் உள்ளே வந்து போனபோது கிணற்றுக்குள் உப்புத் தண்ணி, சேறு, இடிபாடு, கழிவு எல்லாம். தொண்டு நிறுவனங்கள் வந்தன, பம்புகள் வந்தன, தன்னார்வலர்கள் வந்தார்கள். எல்லாருடைய மனசிலும் நம்ம பழமொழிதான்: இறைத்தால் ஊறும். இறைத்தார்கள். உப்பு குறையவில்லை. இன்னும் இறைத்தார்கள். ஒரே கிணற்றை வெவ்வேறு குழுக்கள் வந்து வந்து இறைத்ததும் நடந்தது. சில கிணறுகள் இடிந்து உள்ளே விழுந்தன. சிலதில் தண்ணி முன்பைவிட உப்பானது.

காரணம் மணல். கடற்கரை மணலுக்குள் நன்னீர் ஒரு வில்லை மாதிரி, கனமான உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டு இருக்கிறது. இதன் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் படோன் கைபன் என்ற டச்சு இராணுவப் பொறியாளரும், பிறகு 1901ல் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நல்லாயிருக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால், கீழே உப்பு நீர் நாற்பது அடி மேலே வரப் பார்க்கும். சேலையின் நடுவைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி, கிணற்றின் நேர் கீழே உப்பு எழும்பும். அதோடு சுனாமியின் உப்பு கிணற்றுக்குள் மட்டும் இல்லையே. சுற்றியுள்ள மணல் முழுக்க ஊறிக் கிடந்தது. கிணற்றைக் காலி செய்வது என்பது அந்த உப்பைக் கிணற்றுக்குள் கூப்பிடுவது.

சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்புக் கிணறுகளை மாதக்கணக்காக அளந்து பார்த்துச் சொன்னதும் இதுதான். கழுவியது மழை. பருவமழை மணலுக்குள் இறங்கி இறங்கி உப்பைக் கீழே தள்ளியது. இறைத்தலால் உப்பு விஷயத்தில் பெரிய நன்மை கிடைக்கவில்லை. குப்பையையும் சேற்றையும் எடுக்க ஒரு தடவை, மெதுவாக இறைத்தது போதும், அதற்குப் பிறகு விட்டுவிட்டுக் காத்திருக்கவேணும். பேரிடர் நேரத்தில் "காத்திருங்க" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்! பம்ப் ஓடினால் படம் எடுக்கலாம், மழைக்குக் காத்திருப்பதைப் படம் எடுக்க முடியாது.

வடக்கில் இன்னொரு வகை. 1990ல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் இருபது, இருபத்தைந்து வருடம் கழித்துத் துண்டு துண்டாக விடப்பட்ட காணிகளுக்குத் திரும்பினார்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில் விடுபட்டது. வீடு இல்லை, மதில் இல்லை, எல்லைக் கல் இல்லை, ஒழுங்கைகூட மாறிக் கிடந்தது. பற்றைக்குள் தேடியவர்களுக்கு இது எங்கட வளவுதான் என்று சொல்லத் துணை நின்றது பல இடங்களில் கிணறுதான். கட்டின் வடிவம், துலாக்காலின் அடி, அப்பா சீமெந்தில் கீறிவைத்த வருடம். சுண்ணாம்புக்கல்லில் வெட்டிய கிணறு, லேசில் இடியாது. உள்ளே மரமே வளர்ந்திருந்தாலும் வட்டம் வட்டமாகவே இருந்தது. அந்தக் கிணற்றை இறைப்பது தண்ணிக்காக மட்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர்கூட முதலில் கிணற்றைத்தான் துப்புரவாக்கினார். அதே யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது இறைத்தும் பயனில்லை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. நட்டஈடு கிணற்றைக் கழுவாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் பொந்தும் வாய்க்காலும் நிறைய, ஒரு வீட்டு அழுக்கு அடுத்த ஊருக்குப் போகும்.

இப்போது கண்டிக்குத் திரும்பலாம். நம்ம மண்ணில் கீழே கடல் இல்லை. உளுத்த மண்ணின் தண்ணி சரிவிலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும், பழசை இறைத்தால் புதுசு வரும். பழமொழி முழுசாகப் பலிக்கிற மண் இது. ஆனால் அந்த மண்ணுக்கு வேறு பலவீனம் இருக்கு. பழைய கிணற்றின் சுவர் பல இடத்தில் காரை இல்லாத வெறும் கல் அடுக்கு. உள்ளே நிற்கும் தண்ணி அந்தச் சுவரை உள்பக்கத்திலிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறது. பெருமழைக்கு அடுத்த வாரம், சுற்றிலும் மண் ஊறிப் பாரமாக இருக்கும்போது, பெரிய பம்பைப் போட்டு ஒரே மூச்சில் காலியாக்கினால் சுவர் உள்ளே வரும். டித்வாவுக்குப் பிறகு அவசரம் எல்லாருக்கும் இருந்தது. பாதி இறைத்து, விட்டு, மறுநாள் இறைத்த வீடுகளில் கிணறு நிற்கிறது.

சேறு எடுத்த பிறகு சுவரைத் தேய்த்து, அடியில் சுத்தமான சரளைக்கல் போட்டு, குளோரின் இடவேணும். எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் கண்மதிப்புக்குப் போவார்கள். கணக்கு சிரமமில்லை. கிணறு 1.5 மீற்றர் அகலம், தண்ணி 2 மீற்றர் என்றால் உள்ளே சுமார் 3,500 லீற்றர். அகலம் இரண்டு மடங்கானால் தண்ணி நாலு மடங்கு. இந்தத் தொகையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் தூளின் அளவை அவர் சொல்லுவார். போட்டு, ஊறவிட்டு, வாசம் போகும்வரை திரும்ப இறைக்கவேணும். கிணற்று வாயைச் சுற்றி வழியும் தண்ணி திரும்ப உள்ளே போகாதபடி சீமெந்துத் தளமும் வாய்க்காலும் கட்டினால்தான் செய்த வேலை அடுத்த மழைக்குத் தாங்கும். இரண்டு வாரம் கழித்துத் தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்து, குடிப்பதா, குளிக்க மட்டுமா என்று முடிவு செய்யலாம். மேலே நாலு கழிப்பறைக் குழி இருக்கிற கிணறு குடிக்கிற கிணறாகத் திரும்பாது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேணும். குழாய்த் தண்ணியை மிச்சம் பிடிக்கிற கிணறும் கிணறுதான்.

இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு இந்தக் கிணறுகள் திறந்திருக்கவேணும் என்று ஆசை. மண்சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்வதில் நிலவெடிப்பும் சாய்ந்த மரங்களும் மட்டும் இல்லை, தண்ணியும் இருக்கு. இல்லாத இடத்தில் திடீரென ஊற்று வருவது, இருந்த ஊற்று நின்றுபோவது, தெளிந்த நீர் கலங்குவது. சரிவின் உள்ளே நடப்பதை வெளியே காட்டுகிற சாளரம் அடிவாரத்துக் கிணறுதான். கொங்கிரீட் மூடிக்குக் கீழே அது கலங்கினால் யாருக்குத் தெரியும்? கண்டிக்குத் தெற்கே ஒரு தோழியின் வீட்டில், டிசம்பரில் திறந்த கிணற்றின் உள்சுவரில் அவளுடைய அம்மாயி சிவப்புப் பெயின்டால் அடிக்கணக்கு கீறி வைத்திருக்கிறார். காலையில் தேத்தண்ணிக்கு முன்னால் எட்டிப் பார்த்து, சமையலறைக் கலண்டரில் எழுதுகிறார். ஜனவரி முழுக்க மெதுவாக இறங்கி வந்த எண்கள் அவை. பெப்ரவரி கடைசியில் ஆகக் குறையும்போது இரண்டாம் தடவை இறங்கலாம் என்று இருக்கிறோம். அடிச்சேறு இன்னும் ஒரு முழம் மிச்சம் இருக்கு, பாதாளக் கரண்டி இரவல் வாங்கவும் ஒரு வீடு கண்டுபிடிக்கவேணும்.